மட்டி வளர்ப்பு

மட்டி என்ற தமிழ்ச் சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, இரட்டை ஓடுள்ள நீர்வாழ் உயிர். மற்றது, அறிவில் மந்தமானவர். வீட்டில் பவளத் தொட்டி வைத்திருப்போருக்கு இரண்டும் பழக்கம்தான். முன்னது கண்ணாடிக்கு உள்ளே இருக்கும். பின்னது வெளியே சோபாவில் இருக்கும். இங்கே விளக்கப்படுவது முன்னது. பின்னதைப் பற்றியும் சில இடங்களில் சொல்ல நேரும்.

தொட்டிக்கு வருபவை ராட்சத மட்டிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. குரோசியா 15 செ.மீ. அளவோடு நின்றுவிடும். மாக்சிமா சற்றுப் பெரியது. டெராசாவும் ஸ்குவாமோசாவும் கடையில் கட்டைவிரல் நீளத்தில் இருந்துகொண்டு வாங்குபவரை ஏமாற்றும். அவற்றின் மனதில் உள்ள அளவு வேறு. குடும்பத்தின் மூத்தவரான கீகாஸ் ஒரு மீட்டரைத் தாண்டி, 200 கிலோவையும் தாண்டும். அதை வாங்கலாமா என்று கேட்பவருக்கு இந்தக் கட்டுரை பயன்படாது. இவை அனைத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. எனவே பண்ணையில் பிறந்ததையே, உரிய தாள்களோடு வாங்கவேண்டும். பசிபிக்கில் உள்ள பலாவ் தீவுகள் 1980களிலேயே இவற்றைப் பெருமளவில் குஞ்சு பொரித்து வளர்க்கத் தொடங்கிவிட்டன. இந்தியாவில் மாக்சிமாவும் ஸ்குவாமோசாவும் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருப்பதால், சென்னையில் இருக்கும் அக்கா மகன் எவ்வளவு கெஞ்சினாலும் சிங்கப்பூரிலிருந்து கொடுத்தனுப்ப முடியாது.

மட்டி நலமாக இருக்கிறதா என்பதை அறிய வழி ஒன்று உண்டு. அது பின்னால் உரிய இடத்தில் தரப்படும்.

மட்டி வெளிச்சத்தைத் தின்று வாழ்கிறது. ஓட்டுக்கு வெளியே நீலமும் பச்சையுமாக வழியும் சதைப் போர்வைக்குள் ஜூசாந்தெல்லே என்னும் நுண்பாசி குடியிருக்கிறது. பாசி சமைக்கும், மட்டி சாப்பிடும். குரோசியாவும் மாக்சிமாவும் கடுமையான வெளிச்சம் கேட்பவை. டெராசா கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். கடையின் மங்கல் விளக்கிலிருந்து வந்ததை முதல் நாளே உச்சி வெயிலில் வைத்தால் வெளுத்துவிடும். சில வாரங்களில் மெல்ல மேலேற்றவேண்டும். ஐந்து செ.மீ.க்குக் குறைந்த குட்டிகளுக்கு வெளிச்சம் மட்டும் போதாது, நீரில் மிதக்கும் நுண்பாசியையும் வடிகட்டித் தின்னக் கொடுக்கவேண்டும் என்பது வளர்ப்பவர்கள் பலரின் கட்சி. கீகாஸ் குட்டிகளை வைத்து 1992இல் வெளியான ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. எதிர்க்கட்சியும் உண்டு. இரு கட்சியாரும் ஒரே கடையில்தான் பச்சைத் தண்ணீர் பாட்டில் வாங்குகிறார்கள்.

நீர் 25 முதல் 27 டிகிரி வரை இருக்கவேண்டும். சிங்கப்பூர் வெப்பத்தில் இதற்குச் சில்லர் வேண்டும். வீட்டில் மனிதருக்கு மின்விசிறி, மட்டிக்குக் குளிர்சாதனம் என்ற ஏற்பாடு பல குடும்பங்களில் பேச்சுக்கு உள்ளாகியிருக்கிறது. கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம், காரத்தன்மை 8 அல்லது 9 டிகேஎச். எண்ணைவிட, அது ஆடாமல் நிற்பதே முக்கியம். வளரும் மட்டி ஓடு கட்டுவதற்காக இரண்டையும் நாள்தோறும் உறிஞ்சும். உறிஞ்சியதைத் திருப்பி ஊற்றவேண்டும். ‘கால்க்வாசர்’ என்ற பெயரில் டப்பாவில் விற்கப்படுவது ஜெர்மன் மொழியில் சுண்ணாம்புத் தண்ணீர். அதற்காக வெற்றிலைப் பெட்டியைத் திறக்கக்கூடாது, தூய்மை வேறு. நைட்ரேட்டைச் சுழியமாக்கிப் பெருமைப்படுவோர் ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும்: மட்டிக்கும் அதன் பாசிக்கும் அது உரம்.

மட்டி தன் அடியிலிருந்து பட்டுபோன்ற பற்றிழைகளை விட்டுப் பாறையைப் பிடித்துக்கொள்ளும். பிடித்தபின் பிடுங்கினால் இழைச்சுரப்பி கிழிந்து மட்டி செத்துப்போகலாம். ஆனாலும் தொட்டிக்காரர்களுக்கு நாலு அங்குலம் வலப்புறம் தள்ளினால் நன்றாக இருக்குமே என்று தோன்றுவது பெரும்பாலும் அது பிடித்த மறுநாள்தான்.

அடுத்தது கண்கள். போர்வையின் ஓரத்தில் ஊசித்துளை போன்ற சிறு கண்கள் சில நூறு உண்டு. அவற்றுக்கு முகம் தெரியாது, நிழல் தெரியும். கருத்த உருவம் அருகில் அசைந்தாலே ஓடு சட்டென்று சாத்திக்கொள்ளும். சாத்தியிருக்கும் வரை வெளிச்சம் இல்லை, சமையல் இல்லை. ஆக, மட்டி நன்றாக இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பவர், தாம் குனிந்ததால் மூடிக்கொண்ட மட்டியைத்தான் பார்க்கிறார். மூடியிருப்பதைக் கண்டதும் கவலை வரும். கவலை வந்தால் இன்னும் கிட்டே போவார். ஆரஞ்சுப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போய், கண்ணயர்ந்த நோயாளியை உலுக்கி ‘தூக்கம் வருதா?’ என்று கேட்கும் மரபில் வந்தவர்கள் வேறெப்படிப் பார்ப்பார்கள்? தொட்டிக்காரர் பல் துலக்குமுன் பார்ப்பார், துலக்கியபின் பார்ப்பார், மின்தூக்கி வரை போய்க் குடையை மறந்ததாகத் திரும்பி வந்து பார்ப்பார். வெளியே வெயில் காயும். மாலையில் செருப்பைக் கழற்றாமல் பார்ப்பார். மனைவி பார்க்காதபோது பார்ப்பார். மட்டியின் கணக்கில் அது ஒரு நாளில் பதினைந்து முறை பெரிய மீனொன்றிடமிருந்து தப்பியிருக்கிறது.

விருந்தினர் வந்தால் இது இரட்டிக்கும். சிங்கப்பூரின் பிடோக் வட்டாரத்து வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடொன்றில் சென்ற ஞாயிற்றுக்கிழமை, மட்டி முழுதாக விரிந்திருந்த அரிய பிற்பகலில், வீட்டுக்காரரின் மைத்துனர் கைபேசி விளக்கை அதன் மீது அடித்தார். மூடிக்கொண்டது. “மச்சான், செத்துருச்சு போல.” கண்ணாடியைத் தட்டினார். அசையவில்லை. “இது லக்சாவுல போடுறதுதானே?” அல்ல என்று விளக்கப்பட்டது. விளக்கிக்கொண்டிருக்கும்போதே, அது மறுபடி கொஞ்சம் திறந்த சமயம் பார்த்து, மீன் குழம்பு வாசம் போகாத ஆள்காட்டி விரலைத் தண்ணீருக்குள் விட்டார். மட்டிகள் அவசரமாக மூடும்போது நீரைப் பீய்ச்சும் என்பது நூல்களில் உள்ள செய்தி. எவ்வளவு தூரம் போகும் என்பது மைத்துனரின் சட்டையில் தெரிந்தது. சட்டை அன்றே காய்ந்துவிட்டது. மட்டி மூன்று நாளாகப் பாதிதான் திறக்கிறது. இன்று காலை மைத்துனர் தொலைபேசியில் கேட்ட கேள்வி: “மச்சான், அது எப்படி இருக்கு? கிட்டப் போய்ப் பார்த்தீங்களா?”

முன்னே சொன்ன வழி இதுதான்: நீரை உள்ளிழுக்கும் துளை அகலப் பிளந்து கிடப்பது கெட்ட அறிகுறி. போர்வையைக் கொத்தும் ஏஞ்சல், வண்ணத்துப்பூச்சி மீன்களைச் சேர்க்கக்கூடாது.

கடைசியாக, அரிசி அளவுள்ள பைரமிடெல்லிட் நத்தைகள். இவை பகலில் ஓட்டின் அடியில் ஒளிந்து, இரவில் வெளிவந்து மட்டியின் சாற்றை உறிஞ்சும். சிறு மட்டிகள் இவற்றால் சாகவும் கூடும். விளக்கணைந்து வெகுநேரம் கழித்து, சிவப்பு டார்ச்சுடன், மூச்சைப் பிடித்துக்கொண்டு அருகில் போய்ப் பார்ப்பதுதான் வழி. மேற்சொன்ன தடைகள் இதற்குப் பொருந்தா. நத்தையைக் கண்டால் மட்டியை அதன் அடிக்கல்லோடு எடுத்து, ஓட்டின் அடிப்பக்கத்தையும் மடிப்புகளையும் டூத்பிரஷால் தேய்த்து, பசைபோல் ஒட்டியிருக்கும் முட்டைகளையும் நீக்கவேண்டும். சில வாரங்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். அந்த டூத்பிரஷை மறுபடி குளியலறைக் குவளையில் வைக்கக்கூடாது; மைத்துனர் இரவு தங்கும் நாட்களில் மட்டும் இது வீட்டுக்காரரின் விருப்பம்.