ஐயாவின் பெல்ற்

ஐயாவுக்கு வலப்பக்க அடிவயிற்றில் ஒரு வீக்கம் இருந்தது அம்மாவுக்கு மட்டுந்தான் தெரியும். பிள்ளைகள் எங்களுக்குத் தெரிந்தது அந்தப் பெல்ற். தடித்த தோல் வார். முன்பக்கம் கோழிமுட்டையளவில் கெட்டியாக ஒரு மெத்தை. தொடையிடுக்கால் சுற்றிவரும் ஒரு நாடா. விடியக் கிணற்றடிக்குப் போகுமுன் அதைக் கழற்றி மாட்டுக்கொட்டிலில் சாக்குக்குக் கீழே வைப்பார். குளித்துவிட்டு வந்து மல்லாந்து படுத்து, வீக்கத்தை விரலால் மெதுவாக உள்ளே தள்ளி, மூச்சை அடக்கிக்கொண்டு பெல்ற்றை இறுக்கி, அதன்மேல் சாறத்தை உடுப்பார். இப்படி ஒன்பது வருடம். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்ததும் வெங்காய மூட்டை சுமந்ததும் அந்தப் பெல்ற்றோடுதான்.

எங்கள் ஊர் மானிப்பாய். அமெரிக்க டொக்டர் சாமுவேல் கிறீன் 1848 இல் வைத்தியசாலை தொடங்கிய ஊர். ஆங்கில வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பிக்கலாம் என்று நம்பி, படிப்பித்தும் காட்டிய மனிதர் அவர். சத்திரசிகிச்சைக்கென்று ‘இரணவைத்தியம்’ என்ற நூலை 1867 இலேயே தமிழில் கொண்டுவந்தார். அந்த ஆஸ்பத்திரி மணிச்சத்தம் கேட்கும் தூரத்தில் இருந்துகொண்டு, தன் வருத்தத்தின் பெயரை வாய்விட்டுச் சொல்ல என் ஐயாவால் முடியவில்லை. ஓதம், குடலிறக்கம் எல்லாம் ஊருக்கு ஒன்றுதான். ஒருமுறை வெளியே தெரிந்தால் ஆளுக்கு அதுவே பட்டப்பெயராகிவிடும்.

1985 இல் ஒருநாள் இரவு வீக்கம் உள்ளே போக மறுத்தது. கல்லுப்போல் இறுகிவிட்டது. பிறகு வாந்தி. ஊரடங்கு நேரம். பக்கத்து வீட்டு அண்ணை தன் பழைய ஒஸ்ரின் காரில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டினார். பின்சீற்றில் ஐயாவின் தலை என் மடியில். “தம்பி, அம்மாட்டைச் சொல்லு, பெல்ற்றை எரிச்சுப்போடச் சொல்லு” என்றார். உயிர் போகிற நேரத்திலும் அவருக்கு அந்த வெட்கந்தான்.

அன்றிரவு எந்த டொக்டர் நல்லவர், எந்த ஆஸ்பத்திரி திறம் என்று கேட்க யாருக்கு நேரம் இருந்தது? கடமையில் இருந்தவர் கத்தி எடுத்தார். நெரிபட்டுக் கறுத்துப்போன குடலில் ஒரு துண்டை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பொருத்தினார். ஐயா தப்பியது அந்த மனிதரின் கைத்திறத்தால். நாங்கள் தேடிக் கண்டுபிடித்த கையல்ல அது. இரண்டு கிழமை கட்டிலை விட்டு அசையவிடவில்லை. வீட்டுக்கு வந்தபிறகும் மாதக்கணக்கில் ஒரு வாளி தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று கட்டளை.

முப்பத்தொரு வருடம் கழித்து, ஸ்காபரோவில், வேலை முடிந்து வந்து குளிக்கும்போது என் விரலில் அது தட்டுப்பட்டது. அதே வலப்பக்கம். இருமினால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போய்விடும். இரண்டு மாதம் நான் மனைவிக்குச் சொல்லவில்லை. இருபத்தைந்து வருடம் கனடாவில் வாழ்ந்தும் ஐயாவின் வெட்கம் என்னை விட்டுப் போயிருக்கவில்லை. கடைசியில் பெல்ற் வாங்கலாமா என்று மருந்துக்கடையில் நின்று யோசித்தபோதுதான் கைநடுங்கியது. அன்றிரவே மனைவிக்குச் சொன்னேன்.

குடும்ப டொக்டர் எங்கள் ஆள். பார்த்தவுடனே சொல்லிவிட்டார்: “அண்ணை, இது அவசரமில்லை. நோவும் பெரிசா இல்லை. யாரிட்டைச் செய்யிறது எண்டு ஆறுதலா விசாரியுங்கோ.” அவர் முதலில் அனுப்பிய சத்திரசிகிச்சை நிபுணர் என்னோடு கதைத்தது நான்கு நிமிடம். தசை தளர்ந்த இடத்தில் செயற்கை வலை வைப்போம், கையெழுத்துப் போடுங்கள் என்றார். ஒரு வருடத்தில் எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. பதில் வரவில்லை. நான் எழும்பி வந்துவிட்டேன்.

அந்தக் கேள்வியைத்தான் கேட்க வேண்டும் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். குடலிறக்கம் சாதாரண ஒப்பரேசன் என்பார்கள். ஆண்களில் நாலில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறை கவட்டுப் பகுதியில் வருவதுதான். ஆனால் செய்த இடத்திலேயே திரும்ப வருவதும், பத்தில் ஒருவர் அளவில் மாதக்கணக்காக நோவு நீடிப்பதும் அதே சாதாரண ஒப்பரேசனில்தான். மினுங்குகிற கட்டடத்தை விட, இதையே தினமும் செய்து பழகிய கைதான் அங்கே முக்கியம்.

சென்னைக்குப் போய்ச் செய் என்றான் மைத்துனன். அங்கே கெட்டிக்காரர்கள் நிறையப்பேர் இருக்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து நொந்தால் யாரிடம் காட்டுவது? வெட்டியவரே திரும்பப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

அந்தத் தூரம் எனக்கு அரை மணித்தியாலக் கார் ஓட்டமாக அமைந்தது. தோர்ன்ஹில்லில் இருக்கிற ஷோல்டைஸ் ஆஸ்பத்திரியில் குடலிறக்கம் தவிர வேறொன்றும் செய்வதில்லை. 1945 இல் எட்வர்ட் ஏர்ல் ஷோல்டைஸ் என்ற டொக்டர் ரொறன்ரோவில் தொடங்கியது. 1932 இல் அவர் குடல்வால் எடுத்த ஏழு வயதுப் பெண்பிள்ளை, படு படு என்று சொல்லியும் கேளாமல் எழுந்து விளையாடித் திரிந்து, ஒரு கெடுதியும் இல்லாமல் சுகப்பட்டுவிட்டதாம். அதிலிருந்துதான் வெட்டியவுடனே நடக்கவைக்கும் வழக்கம் அவருக்கு வந்தது. அங்கே பெரும்பாலும் வலை கிடையாது. நோயாளியின் சொந்தத் தசையையே அடுக்கடுக்காக மடித்து, மெல்லிய உருக்குக் கம்பியால் தைக்கிறார்கள். 2016 இல் வெளிவந்த ஒன்ராறியோ ஆய்வில் அங்கே செய்தவர்களில் திரும்ப ஒப்பரேசன் தேவைப்பட்டது ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு. மற்ற ஆஸ்பத்திரிகளில் நூற்றுக்கு ஐந்து பேர் வரை. அவர்கள் ஆளைத் தெரிந்தெடுத்துத்தான் சேர்க்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். உடல் பருத்தவரை நிறை குறைத்துவிட்டு வா என்று திருப்பி அனுப்புவார்கள். என்னையும் அனுப்பினார்கள். ஆறு கிலோ குறைத்துவிட்டுப் போனேன்.

வலையே கூடாது என்று நான் சொல்லவில்லை. வலை வைத்துச் சுகமாக இருக்கிற நண்பர்கள் பலர் இருக்கிறார்கள். பலருக்கு அதுவே சிறந்த வழி என்பதுதான் உலக அளவில் நிபுணர்கள் சொல்வதும். எது வைக்கிறார்கள், ஏன் வைக்கிறார்கள் என்று விளங்கப்படுத்தாமல் கையெழுத்துக் கேட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

விறைக்க ஊசி போட்டு, அரைத் தூக்கத்தில் வைத்துச் செய்தார்கள். முடிந்ததும் டொக்டர் கையை நீட்டி, “எழும்புங்கள்” என்றார். கால் நிலத்தில் பட்டது. இரண்டடி, மூன்றடி. நானாகவே நடந்து சக்கரநாற்காலிக்குப் போனேன். அந்தக் கட்டடத்துப் படிகள் உயரம் குறைந்தவை, வெட்டுக்காயத்தோடு ஏறி இறங்கி நடப்பதற்கென்றே கட்டியவை. மறுநாள் காலைச் சாப்பாட்டுக்கு நானே நடந்துபோய் மேசையில் இருந்தேன். சுற்றியிருந்த எல்லா ஆண்களும் அதே இடத்தில் கையை வைத்துக்கொண்டு தங்கள் குடலிறக்கத்தைப் பற்றிச் சத்தமாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்திலும் வெட்கம் இல்லை. ஐயாவை நினைத்தேன். தேத்தண்ணி தொண்டையால் இறங்கவில்லை.

இதை வாசிக்கிற யாராவது சாறத்துக்குள்ளோ ஜீன்ஸுக்குள்ளோ அப்படி ஒன்றை மறைத்து வைத்திருந்தால், இன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள், நாளைக்கு டொக்டரிடம் காட்டுங்கள். ஆளையும் இடத்தையும் விசாரித்துத் தெரிந்தெடுக்க அவகாசம் இருப்பது வீக்கம் உள்ளே போய்வருகிற மட்டும்தான். அது இறுகி, நொந்து, வாந்தியும் வந்துவிட்டால் யாரையும் விசாரித்துக்கொண்டு நிற்கவேண்டாம். நடுச்சாமமானாலும் பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள்.