உறுமிக்குப் பேரன் பொறந்த கதை

வாடா ராசா, உட்காரு. பசியாறியாச்சா? ஆகியிருக்காது. விடியக்காலை மூணு மணி வரைக்கும் உன் அறையில எருமை கன்னு ஈனுற சத்தம் கேட்டுச்சு. உன் வயசுல நான் மூணு மணிக்கு எழுந்திருச்சவன். நீ மூணு மணிக்குப் படுக்கிறவன். நம்ம வீட்டுல அந்த நேரத்தை யாராவது ஒருத்தர் காவல் காத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கோம்.

உங்கம்மா நேத்து என்கிட்ட வந்து நின்னா. "அப்பா, இவன் கிட்டாரையும் லேப்டாப்பையும் போட்டுக் கலக்குறேன்னு வேலைக்குப் போகாம உட்கார்ந்திருக்கான், நீங்கதான் புத்தி சொல்லணும்"னா. அதுக்குத்தான் கூப்பிட்டேன். என்கிட்ட இருக்கிற புத்தியே கொஞ்சம். அதுலயும் பாதி ரப்பர்த் தோட்டத்துப் பெரட்டுக்களத்துல நின்னு நின்னு தேஞ்சு போச்சு. மிச்சத்தைத் தர்றேன், பிடிச்சுக்க.

அது என்னடா செய்யிற? ஹெவி மெட்டலையும் டப்ஸ்டெப்பையும் கலக்குறியா? அதுவும் உலகத்துலேயே முதல் ஆளா? சரிதான். ஈப்போவுல உட்கார்ந்துக்கிட்டு ஹெவி மெட்டல் புதுசுன்னு சொல்ற முதல் ஆள் நீதான், அதை ஒத்துக்கிறேன். இந்தக் கிந்தா பள்ளத்தாக்கே கன உலோகத்துல எழும்பின ஊருடா. பத்து காஜா பக்கம் தஞ்சோங் துவாலாங்ல ஈயம் வாருற கப்பல் ஒண்ணு நிக்குதே, பார்த்திருக்கியா? 1938ல கட்டினது, 4,500 டன். 1982 வரைக்கும் குளத்துல மிதந்துக்கிட்டே மண்ணைத் தின்னு ஈயத்தைத் துப்புச்சு. வாளி வாளியா சங்கிலியில கோத்து, ஒண்ணு பின்னால ஒண்ணு இரும்போட இரும்பு இடிக்கும். நீ ரெண்டு காலாலயும் டிரம்மை மிதிக்கிறதுக்கு 'டபுள் பேஸ்'னு பேர் சொன்னியே, அதை அந்தக் கப்பல் சம்பளம் வாங்காம வாசிச்சுது.

முகத்தைத் தூக்காதே. உன் கூட்டுக்கும் முன்னோடி இருக்கான், நீயே போன்ல காட்டினதுதான். கோர்ன்னு அமெரிக்காவுல ஒரு மெட்டல் குழு. 2011ல ஸ்க்ரில்லெக்ஸைக் கூட்டிக்கிட்டு ஒரு ஆல்பமே போட்டாங்க. அந்த ஸ்க்ரில்லெக்ஸ் அதுக்கு முன்னால ஒரு ராக் குழுவுல தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருந்த பையன். தொண்டை போனதும் லேப்டாப்பைக் கத்த விட்டுட்டான், புத்திசாலி. ஆஸ்திரேலியாவுல பெர்த் ஊர்ப் பசங்க பெண்டுலம்னு ஒரு டிரம் அண்ட் பேஸ் குழு கட்டி, 2005லேயே முதல் ஆல்பம் விட்டுட்டாங்க. நீ அப்ப மூக்கு ஒழுகிக்கிட்டு இருந்தே.

நீ சொன்ன கதைகள்ல எனக்குப் பிடிச்சது அந்த டோனி ஐயோமி கதைதான். பர்மிங்காம்ல தகரப் பட்டறை. பதினேழு வயசு. அன்னிக்கு வேலையில கடைசி நாள்னு வேற சொன்னே. மெஷின்ல வலது கை ரெண்டு விரல் நுனி போச்சு. பையன் பாத்திரம் கழுவுற சோப்பு பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செஞ்சான். அப்புறம் கம்பி விரலை உறுத்தக் கூடாதுன்னு இழுவையைத் தளர்த்தினான், சத்தம் கீழே இறங்குச்சு. அந்த இறக்கம்தான் பிளாக் சாபத், அங்கேருந்துதான் உங்க ஹெவி மெட்டல். இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, வேற ஒண்ணும் வந்துச்சு. நம்ம தோட்டத்துலயும் உளி பட்டு விரல் போனவன் உண்டு, ரப்பர் ஷீட்டு மெஷின்ல கையே போனவனும் உண்டு. கிட்டார்தான் யாரும் தரலை. சொக்சோ காப்புறுதியும் பின்னாலதான் வந்துச்சு.

இன்னொரு பக்கம் உன் டப்ஸ்டெப். தெற்கு லண்டன்ல குரோய்டன்னு ஒரு இடம், பிக் ஆப்பிள்னு ஒரு இசைத்தட்டுக் கடை, அங்க சுத்திக்கிட்டு இருந்த பசங்க. அவங்களுக்கு அந்த பேஸ் சத்தம் எங்கேருந்து வந்துச்சு? ஜமைக்காவுலேருந்து கப்பலேறின ஜனங்க மூட்டை முடிச்சோட கொண்டு வந்த பழக்கம், பீரோ அளவுக்கு ஸ்பீக்கர் பெட்டியை அடுக்கித் தெருவுல ஆடுறது. அவங்க கரும்புத் தோட்டம், நாம ரப்பர்த் தோட்டம். துரை ஒரே ஊர்க்காரன்தான்.

அதுல ஒண்ணு எனக்கு ரொம்ப நாளாப் புரியலை. தாளம் நிமிஷத்துக்கு 140ன்னு எழுதியிருக்கே, ஆனா தலை ஆடுறது 70க்குத்தான். கேட்டா, "ஹாஃப் டைம் தாத்தா, ஸ்னேர் மூணாவது அடியிலதான் விழும்"ங்கிறே. அப்புறம்தான் விளங்குச்சு. புத்தகத்துல ஒரு கணக்கு, கையில ஒரு கணக்கு. அடடா, இது நம்ம தோட்டத்துக் கிராணி பால் நிறுத்த கணக்குதான்! நாற்பது வருஷம் அந்தத் தாளத்துல ஆடினவன்டா நான், எனக்கே வகுப்பு எடுக்கிறியா?

சரி, இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

நீ வாயில மைக்கை வச்சுக்கிட்டு வயித்துலேருந்து ஒரு சத்தம் விடுறியே, அதுக்கு என்ன பேரு? குரோல். தமிழ்ல? உறுமல். அந்த லேப்டாப்ல 'வுவ் வுவ்'னு மேலயும் கீழயும் நெளியுதே ஒரு பேஸ், அதுக்கு என்ன பேரு? வாபிள். சரி, தமிழ்ல? திரும்பவும் உறுமல்தான்டா. மெட்டல்காரன் தொண்டையில உறுமுறான், டப்ஸ்டெப்காரன் மெஷின்ல உறுமுறான். நடுவுல உன் கொள்ளுத்தாத்தன் தோள்ல மாட்டிக்கிட்டு உறுமினானே, அந்த வாத்தியத்துக்குப் பேரே உறுமி.

பார்த்திருக்கே, கவனிச்சதில்லை. நடுவுல ஒடுங்கின கட்டை, ரெண்டு முகம். ஒரு முகத்தைக் குச்சியால அடிக்கணும். இன்னொரு முகத்தை அடிக்கக் கூடாது, வளைஞ்ச குச்சியை வச்சுத் தேய்க்கணும். தோல்மேல குச்சி வழுக்கும், பிடிக்கும், திரும்ப வழுக்கும். அந்த இழுபறியிலதான் சத்தம் 'உர்ர்ரூம்'னு வளைஞ்சு எழும். அழுத்தினா ஒரு சுரம், விட்டா ஒரு சுரம். நீ எலியைப் பிடிச்சு ஏதோ குமிழைத் திருகித் திருகி அரை நாளா வரவழைக்கிற வளைவை, அவன் ரெண்டு மொந்தை கள்ளு குடிச்சுட்டு மணிக்கட்டுல வரவழைப்பான். சேமிச்சு வைக்க முடியாது, அது ஒண்ணுதான் குறை.

தைப்பூசத்துக்குப் புந்தோங்லேருந்து குனோங் சீரோ கல்லுமலைக்குக் காவடி போறப்ப, உறுமி மேளக் குழுவுக்குப் பின்னால பத்தடி தள்ளி நடந்து பாரு. காதுல கேக்குறதுக்கு முன்னாலேயே நெஞ்சுக்கூட்டுல கேக்கும். சுண்ணாம்புக்கல் மலை, அடிச்ச சத்தத்தைத் திருப்பி நம்ம மேலேயே எறியும். மேல தவில் பொரியும், கீழே உறுமி இழுக்கும். கிட்டாரும் பேஸும் பிரிஞ்சு நிக்கணும்னு யூடியூப்ல வெள்ளைக்காரன் சொல்லித்தான் நீ கத்துக்கிட்டே. அந்தப் பாடம் வருஷா வருஷம் நம்ம தெருவுலதான் நடந்து போச்சு, நீ ஓரமா நின்னு தண்ணிப்பந்தல் மோர் குடிச்சுக்கிட்டு இருந்தே.

இதுல இன்னொரு கூத்து. தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குத் தென்னைமரத்துல குழாய் ஸ்பீக்கர் கட்டுவாங்க. நாலு மைலுக்குக் கேக்கும், ஆனா அதுல பேஸ் ஒரு சொட்டுகூட வராது, எல்லாம் தகரத் தொண்டை. டி.எம்.எஸ். குரல் வரும், பின்னால வாசிக்கிறவன் செத்துப் போயிருப்பான். அந்தக் காலி இடத்தைத் தரையில நின்னு ரொப்பினது உறுமி. உங்க பாஷையில சொன்னா, எங்க சப்வூஃபருக்கு ரெண்டு கால், ஒரு மீசை.

கலக்குறது தப்புன்னு நான் சொல்லவே இல்லை. கெல்லி துரை கோட்டைக்குப் பக்கத்துல மாரியம்மன் கோயில் இருக்குதே, அதோட கூரையைப் போய்ப் பாரு. சாமி சிலைகளுக்கு நடுவுல கோட்டு சூட்டு போட்ட துரை ஒருத்தர் நிக்கிறார். நம்ம ஆளுங்கதான் ஏத்தி வச்சாங்க. அந்தத் தைரியத்துக்கு முன்னால நீ கலக்குறது எல்லாம் தேத்தண்ணியில பால் ஊத்துற வேலை.

ஆனா உன் பாட்டைக் கேட்டேன். நாலு நிமிஷமும் ஒரே வெட்டு. பால்மரம் சீவினவன்கிட்ட கேளுடா. பட்டையைத்தான் சீவணும், கத்தி உள்ள போய்க் கட்டையைத் தொட்டா மரம் புண்ணாகி முடிச்சு போட்டுடும். மரத்தைச் சுத்தியும் சீவ மாட்டோம், அரை வட்டம்தான். அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஓஞ்ச மரத்துலதான் மறுநாள் பால் மங்கு நிறையும். நீ மரத்தைச் சுத்தி வளைச்சுத் தினம் சீவிட்டு, 'டிராப்' விழுது, யாரும் ஆடலைன்னு மூஞ்சியைத் தொங்கப் போடுறே. விழணும்னா அதுக்கு முன்னால ஒரு பள்ளம் வேணாமாடா?

அப்புறம் அந்த அறை. நாற்பது ஹெர்ட்ஸ் பேஸ் ஒண்ணு போட்டுட்டு, "தாத்தா, ஸ்பீக்கர் சரியில்லை, இன்னும் பெருசு வாங்கணும்"னு சொன்னே. அந்த அலையோட நீளம் என்ன தெரியுமா? எட்டரை மீட்டர். இருபத்தெட்டு அடி. உன் அறை பத்தடி. மூலையில குமுறும், நடுவுல ஒரு இடத்துல காணாமப் போகும். நீ காணாமப் போற இடத்துல நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துக்கிட்டு, சத்தத்தை ஏத்திக்கிட்டே போறே. பக்கத்து வீட்டுச் சீனத்தி அலமாரியில தட்டெல்லாம் நடந்து போகுதாம், அவ என்கிட்டதான் வந்து சொல்றா. புதுப் பெட்டி வேணாம், நாற்காலியை நகர்த்து. அந்தக் காசை எனக்குக் குடு.

கிட்டார்ல நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறதைச் சீவி எறி. அந்த இடம் பேஸோடது, ரெண்டு பேரும் ஒரே பாய்ல படுத்தா யாரும் தூங்க முடியாது. டிரம் அடி விழறப்ப பேஸ் ஒரு கணம் குனிஞ்சு நிமிரணும்னு சொன்னியே, சைடுசெயின்னு? அதை நல்லாக் கத்துக்க. கங்காணி வந்தா நிரையில பேச்சு நிக்கும், அவன் தலை மறைஞ்சா திரும்ப ஆரம்பிக்கும். அதேதான், அதுக்குப் போய் ஏன்டா காசு கட்டிப் பாடம் படிச்சே?

பாட்டுக்கு வார்த்தை என்ன வச்சிருக்கே? 'இருட்டு, சாவு, ரத்தம்'. உனக்கு என்னடா இருட்டு தெரியும்? கரண்டு போனாலே அம்மாவைக் கூப்பிடுறவன் நீ. சிங்கப்பூர்ல ருத்ராங்கிற நம்மாளுங்க குழுவைப் பாரு. 1992ல தொடங்கின குழு. கதிராசன் பாடிக்கிட்டே பேஸ் கிட்டாரும் வாசிக்கிறார். நார்வேக்காரன் பேயைக் கடன் வாங்காம வேதாந்தத்தை எடுத்து, அதுக்கு 'வேதிக் மெட்டல்'னு பேர் வச்சு உறுமினாங்க. உனக்கு வேதாந்தம் வேணாம். தலையில விளக்கைக் கட்டிக்கிட்டு, கொசு அப்ப, பாம்பு இருக்கா இல்லையான்னு தெரியாம நிரையில நடந்த உன் பாட்டி இருட்டு கைவசம் இருக்கு. அதுக்கு உரிமைத்தொகை கேட்க மாட்டா, பாவம் போய்ச் சேர்ந்துட்டா.

முடியைப் பத்தி உங்கம்மா தனியா ஒரு மனு குடுத்திருக்கா. நான் ஒண்ணும் சொல்லலை. 1992ல சேர்ச் ராக் குழு அமிக்கும் விங்ஸ் குழு அவிக்கும் முடி வெட்டத் தகவல் அமைச்சரே கத்திரிக்கோல் பிடிச்சார், நாடே டிவியில பார்த்துச்சு. உனக்கு அமைச்சர் வர்ற வரைக்கும் வளரு.

என்ன, சிரிக்கிறே? ஓ, உறுமியைப் பதிவு பண்ணணுமா? இதைக் கேட்கத்தான் இவ்வளவு நேரம் பொறுமையா உட்கார்ந்திருந்தியா, கள்ளப் பயலே. அது அலமாரிக்கு மேலதான் கிடக்குது. தேய்க்கிற முகத்துத் தோலை எலி தின்னுடுச்சு. தோல் கட்டுற ஆள் புந்தோங்ல இருக்கான், காசு உன்னோடது. மைக்கைத் தேய்க்கிற பக்கம் வை, அடிக்கிற பக்கம் வச்சா வெறும் பலகைச் சத்தம்தான் வரும். மூணுலேருந்து நாலு வரைக்கும் நான் தூங்குவேன், அதுக்கு மேல வா. வர்றப்ப அரைக் கிலோ கச்சாங் பூத்தே வாங்கிக்கிட்டு வா, காரம் வேணாம், பல் ஆடுது.

உங்கம்மாகிட்ட மட்டும் மூச்சு விடாதே. உனக்குப் புத்தி சொல்லி முடிச்சுட்டேன், திங்கக்கிழமை வேலை தேடப் போறான்னு காலையிலேயே அவகிட்ட சொல்லிட்டேன்.