நடுக்கால் நாட்டாமை

வாரும் மருமவனே. டீபக்கருக்கு அடாப்டர் போர்டு அடிக்கப் போறீராமே! ஒரு பக்கம் இருபது கால், மறு பக்கம் பத்துக் கால், நடுவுல வோல்ட்டு மாத்துத ஜம்பர். பேஷ். மட்டாஞ்சேரி மிளகு மண்டிக்கு மேல மாடியில உக்காந்து இம்புட்டும் யோசிச்சீரே, தும்மலே வரலையா?

மொதக் கால் எதுக்குன்னு கேட்டா, "கரண்டு குடுக்க"ங்கீரு. அது குடுக்குத கால் இல்லவே, பாக்குத கால். விடிரெஃப்னு பேரு. எதிர் போர்டு எத்தனை வோல்ட்டுல ஓடுதுன்னு நல்ல டீபக்கர் அதுல பாத்துட்டுத்தான் தன் சிக்னலை ஏத்தி எறக்கும். நீர் வாங்கியிருக்க மலிவு எஸ்டி-லிங்க் நகல்ல அந்தக் காலே கிடையாது. 1.8 வோல்ட்டு சிப்பா இருந்தாலும் கண்ணை மூடிக்கிட்டு 3.3 தான் அனுப்பும். காசு மிச்சம், பாரும்!

5 வோல்ட்டுக்கு ஒரு ஜம்பர், 3.3-க்கு ஒரு ஜம்பர்னு தனித்தனியா வரைஞ்சிருக்கீரு. அருமை. தூக்கக் கலக்கத்துல ரெண்டையும் சொருவிடலாம் பாரும். எஸ்டிஎம்32எஃப்103 சிப்பு 3.6 வரைக்கும்தான் வேலை பாக்கும். 4 தாண்டினா உசிருக்கு உத்தரவாதம் இல்லைன்னு டேட்டாஷீட்டே கைகழுவிட்டுது. போனா என்ன? எர்ணாகுளம் பென்டா மேனகாவுல கடை போட்டிருக்கவன் பிள்ளையளும் படிக்கணும்லா.

கஞ்சனா இருந்தா மட்டும் இதைக் கேளும். மூணு கால் ஹெடர் ஒண்ணு, ஜம்பர் ஒண்ணு. ஓரத்துக் கால் ரெண்டும் 5, 3.3. நடுக்கால் நாட்டாமை, ஒரு நேரத்துல ஒரு கட்சி பேச்சைத்தான் கேக்கும். எதிர் போர்டோட கரண்டுக் கால் விசிசியையும் விடிரெஃபையும் நடுக்கால்லயே கட்டிரும். ஜம்பரைக் கழட்டி வச்சா நாம ஒண்ணும் குடுக்க மாட்டோம். அந்த போர்டு சொந்தக் கரண்டுல ஓடும், நல்ல டீபக்கரா இருந்தா அதைப் பாத்துக்கிட்டு நிக்கும். உமக்கு அதிகம் வேண்டியது இந்த மூணாவது நெலைதான். அதைத்தான் மறந்திருக்கீரு. ஏற்கெனவே கரண்டு இருக்க போர்டுக்கு நீரும் ஊட்டினா, ரெகுலேட்டர் வழியா அந்தக் கரண்டு பின்பக்கமா ஏறி உம்ம லேப்டாப் யூஎஸ்பியை வந்து விசாரிக்கும். 5 வோல்ட்டு வழியில ஒரு டயோடு போட்டா அந்த வேடிக்கை போயிரும், அதனால போடாதேயும்.

ஹெடர் பொன் பூசினதா வாங்கும். காயல் உப்புக்காத்துல தகரம் பூசினது சீக்கிரம் கறுத்துரும்.

களமச்சேரியில 2020-ல தொறந்த சூப்பர் ஃபேப் லேப் இருக்கு. அங்க போயி போர்டு அடிக்க உதவி கேட்டா கவுரவம் கொறைஞ்சிரும். நீர் வீட்டுலயே ஃபெரிக் குளோரைடு ஊத்தி போர்டை அரியும். அத்தையோட எவர்சில்வர் சிங்க்கும் சேந்து அரிச்சுப் போனா, புதுசு வாங்கித் தரச்சொல்லி அவ கேக்கவா போறா!

எல்லாம் முடிஞ்சு, எதிர் போர்டை மாட்டுததுக்கு முன்னால நடுக்கால்ல மீட்டர் வச்சுப் பாரும். மீட்டருக்கு எங்கிட்ட வராதேயும். ஆணியில தொங்குத மாமன் மீட்டர்ல பேட்டரி கிடையாது, ஆளுக மதிக்கணும்னு மாட்டி வச்சிருக்கு.