இன்று மாலை பிணமலர், அனுமதி இலவசம்

இத்தாகா, நியூயார்க் மாகாணம்.

அமெரிக்காவில் படிக்கிறான் என்றதும் ஊரில் எல்லோரும் நியூயார்க் நகரத்து மாடிக் கட்டடங்களைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். தேனிப் பக்கத்திலிருந்து வேளாண்மை ஆராய்ச்சிக்கு வந்த தம்பியின் வீட்டாரும் அப்படித்தான். உண்மையில் அவர் இருப்பது, அந்த நகரத்திலிருந்து பேருந்தில் நாலைந்து மணி நேரம் தள்ளி, கயூகா ஏரியின் தென்முனையில் உள்ள இத்தாகாவில். சின்ன ஊர். ஊருக்கு மேலே குன்று. குன்றின் மேல் 1865இல் தொடங்கிய கார்னெல் பல்கலைக்கழகம். வளாகத்தை ஒட்டியே அருவிகள் விழுகின்றன. சுருளியும் கும்பக்கரையும் பார்த்து வளர்ந்தவருக்கு அருவி ஒரே வாரத்தில் பழகிவிட்டது. பழகாதது அறிவிப்புப் பலகை.

இங்கே அறிவிக்காமல் எதுவும் நடப்பதில்லை. தாழ்வாரம், பேருந்து நிறுத்தம், விளக்குக் கம்பம், கழிப்பறைக் கதவின் உட்புறம் என்று எங்கே திரும்பினாலும் ஒரு தாள். தேதி முடிந்த தாளைக் கிழிக்க யாருக்கும் மனம் வருவதில்லை. அதன் மேலேயே அடுத்ததை வைத்து ஸ்டேப்ளர் அடித்துவிடுகிறார்கள். மூலையைப் பெயர்த்துப் பார்த்தால் பாட்டுக் கச்சேரிக்கு அடியில் பட்டாம்பூச்சிச் சொற்பொழிவு, அதற்கு அடியில் காணாமல் போன பூனை. வியாழக்கிழமை தீ விபத்து ஒத்திகை. காய்ச்சல் தடுப்பூசி முகாம். பனிக்காலம் முடியும்வரை பள்ளத்தாக்குப் படிக்கட்டு மூடல். தூக்கத்தைப் பற்றிய ஆய்வுக்கு ஆள் தேவை, கலந்துகொள்பவர்களுக்குப் பணம் உண்டு. இந்தக் கடைசி அறிவிப்பைத் தம்பி தொலைபேசியில் படித்துக் காட்டியபோது அம்மா சிறிது நேரம் பேசவே இல்லை. பிறகு, “இத்தனை வருசம் இங்க சும்மாவே தூங்கிட்டியேப்பா” என்றார்.

நம்மூர் அழைப்பிதழில் மாலை 6 மணி என்று போட்டிருந்தால் 6 மணிக்கு மைக் செட்காரர் வருவார் என்று பொருள். முடிகிற நேரத்தை யாரும் அச்சடிப்பதில்லை. அது தலைவரின் தொண்டையைப் பொறுத்தது. இங்கே 4.30 முதல் 5.45 வரை என்று இரண்டு நேரத்தையும் போடுகிறார்கள். அதைவிட அதிசயம், 5.45க்கு முடித்தும் விடுகிறார்கள். வரவேற்புரை, முன்னிலை, வாழ்த்துரை, ஏற்புரை எதுவும் கிடையாது. ஒருவர் எழுந்து இரண்டு நிமிடத்தில் அறிமுகம் செய்கிறார், பேச வந்தவர் நேரே விஷயத்துக்குப் போய்விடுகிறார். எவ்வளவு பெரிய அறிஞரானாலும் பொன்னாடை இல்லை. ஒரு தண்ணீர் பாட்டில்தான். தாளின் அடியில் பொடி எழுத்தில் இன்னொரு வரி இருக்கும்: சக்கர நாற்காலியில் வருபவர்கள், காது கேளாதவர்கள் முன்கூட்டியே சொன்னால் வேண்டிய ஏற்பாடு செய்யப்படும். ஒப்புக்குப் போட்ட வரி என்றுதான் தம்பி முதலில் நினைத்திருந்தார். ஒரு கூட்டத்தில் முன்வரிசையில் இருந்த ஒரே ஒரு மாணவிக்காக இரண்டு சைகைமொழிக்காரர்கள் வந்து, மாறி மாறி நின்று, மண்ணியல் உரை முழுவதையும் கையால் சொல்லி முடித்ததைப் பார்த்த பிறகு அப்படி நினைப்பதில்லை.

ஆனால் ஆராய்ச்சி மாணவர்கள் அறிவிப்பைப் படிக்கத் தொடங்குவது மேலிருந்து அல்ல, கீழிருந்து. ‘சிற்றுண்டி வழங்கப்படும்’ என்ற வரி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் தலைப்புக்கு வருவார்கள். தம்பி இந்தக் கலையை மூத்தவர்களிடம் கற்றுக்கொண்டார். பீட்சா என்று போட்டிருந்தால் காளான் போட்டது கடைசிவரை மிஞ்சும். பாலாடைக்கட்டியும் திராட்சையும் என்றால் மனிதவியல் துறை. சமோசா என்றால் தெற்காசியா சம்பந்தப்பட்ட உரை, அரை மணி முன்னதாகவே போய்விட வேண்டும். மதியச் சாப்பாட்டை அவரவர் கொண்டுவர வேண்டிய கூட்டங்களும் உண்டு. அவற்றுக்கு அறிவு தேடி வருகிறவர்கள் மட்டும் வருகிறார்கள்.

இவற்றில் மேலானது முனைவர் பட்டத்துக்கான இறுதி வாய்மொழித் தேர்வு. அதை முன்கூட்டியே அறிவித்தாக வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. தேர்வுக்கு முந்திய ஆய்வுரையைப் பல துறைகளில் யார் வேண்டுமானாலும் போய்க் கேட்கலாம். ஐந்தாறு வருடம் ஆய்வுக்கூடத்தில் தேய்ந்த மாணவர், தன் வாழ்க்கையே தொங்கிக்கொண்டிருக்கும் அந்தக் காலையில், தன்னைக் கேள்வி கேட்கப் போகிறவர்களுக்குக் காப்பியும் பன்னும் தானே வாங்கி வருகிற வழக்கமும் பல துறைகளில் இருக்கிறது. நம்மூரில் வாய்மொழித் தேர்வு நடத்த வருபவருக்கு விருந்து வைப்பதைக் குறை சொல்கிறவர்கள் இதை ஒருமுறை வந்து பார்க்கலாம். ஒரே வித்தியாசம், இங்கே செலவு பன்னோடு நின்றுவிடுகிறது.

ஆகஸ்டில் வகுப்பு தொடங்கும்போது ஒட்டப்படும் ‘டம்ப் அண்ட் ரன்’ விற்பனை அறிவிப்பைத் தம்பி எந்த வருடமும் தவறவிடுவதில்லை. மே மாதம் விடுதியைக் காலி செய்கிற மாணவர்கள் போட்டுவிட்டுப் போன மேசை விளக்கு, மின்விசிறி, குட்டிக் குளிர்பெட்டி, பிரிக்காத தலையணை எல்லாவற்றையும் தன்னார்வலர்கள் திரட்டிவைத்து, ஆகஸ்டில் வருகிறவர்களுக்கு மலிவு விலையில் விற்று, பணத்தை நற்காரியத்துக்குக் கொடுக்கிறார்கள். அக்டோபரில் ஊர் நூலகத்தின் நண்பர்கள் குழு நடத்தும் பழைய புத்தக விற்பனை. அங்கே விலை நாளுக்கு நாள் குறையும். கடைசி நாள்களில் பை நிறைய அள்ளிக்கொண்டு சில்லறை கொடுத்துவிட்டு வரலாம். அதுவரை பொறுத்தால் நல்ல புத்தகம் போய்விடும், முதல் நாளே போனால் காசு போய்விடும். மூன்றாம் நாள் போவது தேனிக்காரர் கணக்கு.

அறிவிப்பே தேவைப்படாத நிகழ்ச்சி ஒன்று உண்டு. மெக்ரா கோபுரத்து மணியோசை. 173 அடி உயரம், 161 படி, உச்சியில் 21 மணிகள். மணியோசை 1868இல் 9 மணிகளோடு தொடங்கியது. கல்விப் பருவம் நடக்கும்போது காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் கச்சேரி. வாசிப்பவர்கள் பெரும்பாலும் மாணவர்கள். அதற்கென்று நடக்கும் போட்டியில் தேறி வந்தவர்கள். மரக் கைப்பிடிகளைக் கையாலும் மிதிகளைக் காலாலும் அழுத்தி, நின்றபடி, ஏறக்குறைய ஆடிக்கொண்டே வாசிக்கிறார்கள். பாஹ் இசையும் வரும், பீட்டில்ஸ் பாட்டும் வரும். படியேறிப் போனால் பக்கத்தில் நின்றே பார்க்கலாம், கட்டணம் கிடையாது. மூச்சு வாங்குவது மட்டும் சொந்தச் செலவு.

இதே கோபுரத்தில்தான், இவ்வளவு அறிவிப்புகளையும் கேலி செய்வதற்கென்றே நடந்த ஒரு காரியமும் உண்டு. 1997 அக்டோபரில் ஒரு நாள் காலையில் ஊர் விழித்தபோது கூம்பின் உச்சியில் ஒரு பூசணிக்காய் செருகப்பட்டிருந்தது. யார் ஏறினார்கள், எந்த வழியாக ஏறினார்கள், அவ்வளவு பெரிய காயை இருட்டில் எப்படித் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இறக்கப் போனால் ஆள் விழுந்துவிடுவார் என்று பல்கலைக்கழகம் அதைத் தானாக அழுகி விழ விட்டது. அது விழவில்லை. குளிரில் உறைந்து காய்ந்து கெட்டியாக நின்றது. நிஜப் பூசணியா, பிளாஸ்டிக்கா என்று பட்டிமன்றம் தொடங்கியது. அதைப் படம் பிடிக்கவே ஒரு கேமரா வைத்தார்கள். மாணவர்கள் கருவியைப் பறக்கவிட்டுச் சோதிக்கக் கிளம்பினார்கள். 1998 மார்ச்சில், கட்டட வேலைக்குப் போட்ட சாரத்தையும் பாரந்தூக்கியையும் வைத்து முறைப்படி இறக்கலாம் என்று முடிவாயிற்று. ஆனால் பாரந்தூக்கியின் கூடையே இடித்து, பூசணி முன்னதாகக் கழன்று விழுந்துவிட்டது. பேராசிரியர்கள் பரிசோதித்து, பூசணிதான் என்று தீர்ப்புச் சொன்னார்கள். தம்பியின் அம்மா இந்தக் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, “திருஷ்டிக்குக் கட்டிருப்பாங்க” என்று ஒரே வரியில் வழக்கை முடித்தார்.

குளிர்காலத்தில் லைனா ரிங்கில் ஐஸ் ஹாக்கி. எதிரணியின் பெயர்களை அறிவிக்கும்போது கார்னெல் ரசிகர்கள் எல்லோரும் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு படிப்பதாகப் பாவனை செய்வார்கள்; நீங்களெல்லாம் ஒரு பொருட்டா என்று அர்த்தம். ஹார்வர்டு அணி வந்தால் இது போதாது. 1970களில் இரண்டு பல்கலைக்கழகத்து ரசிகர்களுக்கும் நடந்த கோழிச் சண்டையிலிருந்து (ஹார்வர்டுக்காரர்கள் கோழியை எறிந்தார்களாம்) கார்னெல்காரர்கள் மீன் எறிந்து பதில் சொல்லி வருகிறார்கள். எறியக் கூடாது என்று அறிவிப்பு வைக்கிறார்கள். மீன் சட்டைக்குள்ளும் கால்சட்டைக்குள்ளும் ஒளிந்து உள்ளே வந்துவிடுகிறது. ஹார்வர்டு வீரர்கள் பனித்தளத்தில் இறங்கியதும் நாலா பக்கமிருந்தும் பறக்கிறது. பிறகு அள்ளுகிறார்கள், அதற்குப் பிறகுதான் ஆட்டம். “என்ன மீனுப்பா? நல்ல மீனா?” என்று கேட்டார் அம்மா. நல்ல மீன்தான் என்றதும், படித்தவர்கள் செய்கிற வேலையா இது என்று அன்று முழுக்க ஆறவில்லையாம்.

அம்மாவோடு பேசும் நேரத்தையும் இங்கே ஓர் அறிவிப்புதான் தீர்மானிக்கிறது. நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைக்கச் சொல்வார்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறன்று முன்னால். ஆகவே நவம்பரில் தேனிக்கும் இத்தாகாவுக்கும் இடையே ஒன்பதரை மணி நேரமாக இருந்தது ஒரே இரவில் பத்தரை ஆகிவிடுகிறது. ஏறக்குறைய நாடு முழுக்கச் சேர்ந்து கடிகாரத்தை மாற்றுகிறது என்பதை அம்மா இன்றுவரை நம்பவில்லை. பையன் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்குகிறான், அவ்வளவுதான் என்பது அவர் கட்சி. தீபாவளி அதைவிட எளிது. பஞ்சாங்கம் எந்தக் கிழமையைச் சொன்னாலும் இங்கே அது சனிக்கிழமை மாலை, மண்டபம் காலியாக இருக்கும் வாரத்தில். எண்ணெய்க் குளியல் அவரவர் விருப்பம். பட்டாசுக்குப் பதில் பாலிவுட் நடனம். முறுக்கு மட்டும் அசல், யாரோ ஒருவருடைய அம்மா பெட்டியில் திணித்து அனுப்பியது.

மார்ச்சில் டிராகன் நாள். 1901இல் வில்லர்ட் ஸ்ட்ரெய்ட் என்ற கட்டடக்கலை மாணவர் தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படும் விழா. முதலாண்டுக் கட்டடக்கலை மாணவர்கள் மரமும் துணியும் கம்பியும் கொண்டு பெரிய டிராகன் ஒன்றைக் கட்டி, வேஷம் போட்டுக்கொண்டு, கத்திக்கொண்டே வளாகத்தைச் சுற்றி இழுத்துவருவார்கள். பொறியியல்காரர்கள் வழியில் பீனிக்ஸ் பறவையை நிறுத்தி வம்புக்கு இழுப்பார்கள். திருப்பத்தில் சக்கரம் மாட்டிக்கொள்ள, பத்துப் பேர் பத்துவிதமாக யோசனை சொல்லி, கடைசியில் யாரோ கட்டை போட்டு நெம்பியதைப் பார்த்ததும் தம்பிக்குச் சொந்த ஊர்த் தேரோட்டத்துக்கே வந்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. முன்பெல்லாம் ஊர்வலம் முடிந்து டிராகனை எரிப்பார்களாம், இப்போது இல்லை. புகை விடுவதற்கும் விதி வந்துவிட்டது.

இவ்வளவுக்கும் உச்சம், நாற்றத்துக்கு வைத்த அழைப்பு. சுமத்ரா தீவின் டைட்டன் ஆரம் என்ற செடியைப் பல்கலைக்கழகத்தின் கண்ணாடித் தோட்டத்தில் வளர்க்கிறார்கள். பிணமலர் என்பது பட்டப்பெயர். விதையிலிருந்து முதல் பூ வருவதற்குப் பல வருடம் ஆகும். ஆள் உயரத்தைத் தாண்டும் அந்தப் பூங்கொத்து விரிந்தால் ஓரிரு நாள்தான். முதல் இரவில் அழுகிய இறைச்சி வாடை. நடுத்தண்டு மனித உடம்பு அளவுக்குச் சூடேறி வாடையைத் தூக்கிவிடுகிறது. செத்த மிருகம் என்று ஏமாந்து வண்டும் ஈயும் வந்து மகரந்தம் சுமக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 2012 மார்ச்சில் இங்கே முதல் முறையாகப் பூத்தது. செல்லமாக ‘வீ ஸ்டிங்கி’ என்று பெயர் வைத்தார்கள். ஆயிரக்கணக்கான பேர் வரிசையில் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். பூக்களின் மணத்தை ஆராயும் பேராசிரியர் ராபர்ட் ரகுசோ அதன் வாடையையும் விடாமல் ஆராய்ந்தார். அதற்குப் பிறகும் சிலமுறை பூத்திருக்கிறது.

அப்படிப் பூத்த ஒருமுறை தம்பியும் வரிசையில் நின்றார். முன்னால் ஒரு குழந்தை, அப்பாவின் தோளில் உட்கார்ந்து, நாறவில்லையே என்று அழுதுகொண்டிருந்தது. கதவைத் தாண்டியதும் அழுகை நின்று முகம் சுருங்கியது. குழந்தைக்குப் பரம திருப்தி. தம்பி மட்டும் பூவைப் பார்க்காமல் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதிலிருந்த தாவரவியல் பெயரின் முதல் பாதி அவருக்கு இளங்கலையிலேயே மனப்பாடம். அமார்போபாலஸ். நம்முடைய சேனைக்கிழங்கின் பேரினம். ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி. ஊரில் தோண்டாமல் விட்ட சேனை, கோடை மழை பெய்ததும் இலைக்கு முன்னால் தரையோடு ஒட்டி ஒரு பூ விடும். அதே கருஞ்சிவப்பு, அதே வாடை, அளவில் மட்டும் சிறியது.

அன்றிரவே படத்தை அனுப்பிவிட்டு அழைத்தார். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“இது நம்ம சேனைப் பூவுல்ல?”

“ஆமாம்மா. அதோட சொந்தக்காரன்.”

“இதைப் பார்க்கவா பனியில வரிசையில நின்னீங்க?”

“ரெண்டு மணி நேரம்.”

“போன சித்திரையில மோட்டார் ரூம் பக்கத்துல இதுதானப்பா பூத்துச்சு. நாத்தம் தாங்காம உங்கப்பா மம்பட்டியால வெட்டி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போட்டாரு” என்றவர், உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்: “ஏங்க, கேட்டீங்களா? அமெரிக்காவுல அதுக்கு நோட்டீஸ் அடிச்சு ஆளக் கூப்பிடறாங்களாம். ஆளுக்குப் பத்து ரூபா டிக்கெட் போட்டிருந்தா மோட்டாருக்குக் காயில் கட்டின காசாவது வந்திருக்கும்.”