ஃபிரீக்குவன்சிக் காக்கா

கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றக் கடைகளில் வாங்கியதோ, கட்டாரிலிருந்து சாச்சா கொண்டுவந்ததோ, கல்முனைக்குடி வீடுகளில் விளையாட்டுக் காருக்கு ஆயுள் ஒரு மாதம். அதன் ரிமோட்டுக்கு இருபது வருடம். கார் பழைய இரும்புக்காரரோடு போய்விடும். ரிமோட் மட்டும் அலுமாரியின் மேல் ஏரியல் வளைந்து, ஸ்டிக்கர் தேய்ந்து கிடக்கும். என்றைக்காவது ஒரு பொடியன் அதைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு, இதன் ஃபிரீக்குவன்சி என்ன என்று கேட்க ஃபிரீக்குவன்சிக் காக்காவிடம் போவான்.

இப்படி ஒருவர் எல்லா ஊரிலும் உண்டு. ஒரு காலத்தில் றேடியோ திருத்தியவர். இப்போது திருத்த றேடியோ வருவதில்லை. திருத்திய கைக்குத்தான் அரிப்பு நிற்கவில்லை. மேசையில் சோல்டரிங் அயன், ஆறிப்போன பிளேன்டீ. மூக்கு நுனியில் கண்ணாடி. ‘தெரியாது’ என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததை அவருடைய பெண்சாதியும் கேட்டதில்லை.

ஏரியலை முழுதாக இழுத்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார். “இருபத்தேழு.”

இது பால் கிதாபு பார்த்துக் குறி சொல்கிற கணக்குத்தான். 27 மெகாஹேர்ட்ஸ் அலை ஏறக்குறைய பதினொரு மீற்றர் நீளம். அதில் கால்வாசி என்றாலும் இரண்டே முக்கால் மீற்றர் கம்பி வேண்டும். எந்த விளையாட்டுச் சாமானிலும் அவ்வளவு கம்பி இராது, உள்ளே ஒரு சுருளை வைத்து ஒப்பேற்றிவிடுவார்கள். காக்காவுக்கும் இது தெரியும். ஆனால் முதலில் ஒரு நம்பர் சொல்லாவிட்டால் வாறவனுக்கு நம்பிக்கை வராதாம்.

பிறகுதான் திருப்புளி. மூடியைக் கழற்றினால் வெள்ளித் தகரம் போல மின்னும் ஒரு சின்னக் கிரிஸ்டல். அதில் 27.145 என்று பொறித்திருந்தால் வேறு யாரும் வாசித்துச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். காக்கா “மஞ்சள்” என்பார். அந்த பாண்டில் சனல் ஆறு, ஆறுக்கும் ஆறு நிறம்: 26.995 மண்ணிறத்தில் தொடங்கி 27.255 நீலத்தில் முடியும். “கார்ப்பக்கம் வேற கிரிஸ்டல் தம்பி. இதில 455 கிலோஹேர்ட்ஸக் குறை. 26.690. நல்ல சாமானெண்டா அப்பிடித்தான்.”

மலிவுச் சாமானில் கார்ப்பக்கம் கிரிஸ்டலே இராது. அதே பாண்டில் எந்த ரிமோட் கூப்பிட்டாலும் திரும்பும். பெருநாள் காலையில் இவன் வலப்பக்கம் திருப்ப, அடுத்த வீட்டான் கார் கானுக்குள் விழுவது இதனால்தான். உம்மாமார் பிள்ளைகளுக்குத்தான் அடிப்பார்கள். “பொடியன்ல பிழையில்ல, பாண்ட் ஒண்டு” என்று சாட்சி சொல்ல வருகிறவர் காக்கா ஒருவர்தான்.

கிரிஸ்டலிலும் எழுத்து அழிந்திருந்தால் அவர் முகம் மலர்ந்துவிடும். பழைய எஃப்எம் றேடியோவை எடுத்து 99.7 பக்கம், வெறும் இரைச்சலில் நிறுத்துவார். “பொத்தான அமத்து.” இரைச்சல் சட்டென்று அடங்கினால் 49 பாண்ட்: 49.860. மலிவு ரிமோட் தன் அலையோடு அதன் இரட்டிப்பையும் கசியவிடும்; இரட்டிப்பு 99.72. அடங்காவிட்டால் முள்ளை 108இன் விளிம்புக்குத் தள்ளுவார். 26.995இன் நான்கு மடங்கு அங்கே வந்து நிற்கும். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிற மீற்றர் செய்யும் வேலையை, கைப்பிடி உடைந்த ஒரு றேடியோவை வைத்துக்கொண்டு செய்கிற இந்த இடத்தில் மட்டும் அவருக்கு நான் எழுந்து நின்று சலாம் சொல்வேன்.

இந்தக் காலத்து 2.4 கிகாஹேர்ட்ஸ் ரிமோட்டைக் கொடுத்துப் பாருங்கள், முகம் சுருங்கிவிடும். கிரிஸ்டல் மாற்ற வேண்டியதில்லை, சனல் பார்க்க வேண்டியதில்லை. காரோடு தானே சோடி சேர்ந்துகொள்ளும். “பெரியாக்கள் ஒருத்தரயும் கேக்காமச் சோடி சேருற சாமான்” என்று தள்ளி வைப்பார்.

கடைசியில் ஒரு பிளாஸ்டர் துண்டில் நம்பரை எழுதி ரிமோட்டின் முதுகில் ஒட்டிக் கொடுப்பார். பொடியன் தலையைச் சொறிவான்.

“காக்கா, கார் இல்லியே. இத வெச்சி நான் என்ன செய்ற?”

“அதயா நீ கேட்டாய்?”