களப்பணிக்கு ஏற்ற ஏழைகள்

சென்னையின் ஏழைகளைப் போல ஆராய்ச்சிக்கு ஒத்துழைக்கும் மக்கள் வேறெங்கும் கிடைக்கமாட்டார்கள். இடிக்கும் முன் ஒரு கணக்கெடுப்பு, இடித்தபின் ஒரு தாக்க ஆய்வு, குடியமர்த்தியபின் யாருக்கோ ஒரு முனைவர் பட்டம்.

2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைக் குடிசைகளை ஆக்கிரமிப்பு என்று பிடுங்கி, ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறார்களாம், பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்தில் இறக்கிவிட்டு! அதே அடையாற்றின் மேல்தான் விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை நீட்டிப் படுத்திருக்கிறது. இடிக்கப்போகும் குடிசைச் சுவரில் எழுதுவதுபோல் அதன்மேல் எவரும் பெயின்ட்டால் இடிப்பு எண் எழுதவில்லை.

நடந்தது என்ன என்று பெரும்பாக்கத்திலிருந்து வீட்டுவேலைக்குப் போகும் எந்த அக்காவும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்: "மயிலாப்பூர்ல நாலு வூட்டு வேலை, நடந்தே போய்ட்டு வருவேன். இப்ப மூணு வூடு போச்சு. பஸ்ஸு ஃப்ரீதான், எப்ப வரும்னுதான் தெரியல. லிஃப்ட்டு ஓடல, கொடத்த தூக்கிக்கினு ஆறு மாடி ஏறணும்." கேட்க வந்த மாணவர் பாவம், படிவத்தில் இதற்கெல்லாம் இடமில்லை. "திருப்தியா, ஓரளவு திருப்தியாக்கா?" என்று கேட்டு 'ஓரளவு' கட்டத்தில் டிக் போட்டுக்கொள்கிறார். பிறகு அது 'வாழ்வாதாரச் சவால்கள்' என்று ஏசி அரங்கில் திரையேறும். முடிவு: மேலும் ஆய்வு தேவை.

இன்னும் எதற்கய்யா? 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம், இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டிக்கொடுத்துக் காட்டியதுதான். நிலத்தின் விலை ஏறியதும் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஏழைகளைத் தெற்கே தள்ளிக்கொண்டே போனார்கள். நல்ல ஆய்வுகள் இதைச் சொல்லாமல் இல்லை. ஆனால் எந்த அறிக்கையும் ஜேசிபியின் சாவியைப் பிடுங்கியதில்லை. அடுத்த திட்டத்துக்கு ஆலோசகராகக் கையெழுத்துப் போடும்போது எழுதியவருக்கே அது மறந்துபோகிறது.

ஒரு யோசனை. 'மறுகுடியமர்வு ஓரளவு வெற்றி' என்று எழுதும் ஒவ்வொரு நிபுணருக்கும், கோப்பில் ஒப்பமிட்ட அதிகாரிக்கும் பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடியில் ஒரு வீடு ஒதுக்குங்கள். அவர்கள் பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்கும் வாரமாகப் பார்த்துக் காலி செய்யச் சொல்லுங்கள், வழக்கத்தை மாற்றவேண்டாம். சாமான் ஏற்றக் குப்பை லாரி போதும். பராமரிப்புக் கட்டணத்தை மட்டும் மாதாமாதம் தவறாமல் வசூலித்துவிடுங்கள்.