ரோட்டைத் தாண்டுங்க தம்பி

வாங்க தம்பி, உட்காருங்க. கம்பு பளபளன்னு இருக்கே, என்ன விலை? ஆத்தாடி! அந்தக் காசுக்கு ஒரு வருசத்துக்கு மீன் வாங்கித் திங்கலாமே. நாங்க மீனு வாங்குற குடும்பம் இல்லைங்கிறது வேற விசயம்.

காலையில இருந்து இந்தத் தென்கரையில நின்னு வீசுறீகளே, ஒண்ணு பட்டுச்சா? படாது. இது ஆடி மாசம். கச்சான் காத்து அடிக்கிற அடியில மண்டபத்துத் தென்கடல் நுரை தள்ளிக்கிட்டு கெடக்கு. நீங்க இருபது பாகத்துக்கு வீசினா, காத்து அதைத் திருப்பி உங்க காலடியிலயே கொண்டாந்து போடுது. போனு காத்து வேகத்தைக் காட்டுதாக்கும். நீங்க எந்தக் கரையில நிக்கிறீகன்னு அது கேட்டுச்சா?

பின்னால திரும்பிப் பாருங்க. ரோடு, தண்டவாளம், நாலு பனை. அதுக்கு அங்கிட்டு வடகடல். நடந்தா அரை மணிகூட ஆகாது. இதே காத்து அங்க முதுகுல அடிக்கும், தண்ணி குளமாக் கெடக்கும், ஈயக்குண்டு தன்னால பறக்கும். இதை ஆண்கடல்னும் அதைப் பெண்கடல்னும் சொல்லுவாக. ரொம்ப நம்பிறாதீக. ஐப்பசியில வாடைக் காத்து திரும்பட்டும், அவ எந்திரிச்சு ஆடுவா, இவன் அடங்கிக் கெடப்பான். எங்க வீட்டுலயும் அப்படித்தான், அதை விடுங்க. தனுஷ்கோடியை வாரிக்கிட்டுப் போன 1964 புயலும் அந்த வாடைக் காலத்து மார்கழியிலதான் வந்துச்சு.

இன்னைக்கு என்ன திதி? தெரியாதா? அட்டமி. அட்டமி நவமியில ஒண்ணையும் தொடங்காதடான்னு உங்க அப்பத்தா சொல்லியிருப்பாகளே. பாரை மீனுக்கும் ஒரு அப்பத்தா இருக்கா போல. அரை நிலாவுக்கு ஏத்தவத்தம் சுருங்கிரும், நீரோட்டம் படுத்துக்கும், மீனும் வாயைத் தொறக்காது. அமாவாசையை ஒட்டி வாங்க. பாம்பன் கால்வாயில தண்ணி இழுக்குற இழுப்புல பொடி மீனு நிலைகொள்ளாம அலையும். பாரைக்கு அதுதான் பந்தி.

இந்தா, என் தூண்டிலைப் பாருங்க. தங்கூசி நரம்பு, நுனியில ஒரு சாண் கம்பி. கம்பி எதுக்கா? ஊளி மீனு பட்டா வெறும் நரம்பை அறுத்துக்கிட்டு, உங்க பொம்மை மீனை மூக்குத்தியா மாட்டிக்கிட்டுப் போயிரும். அந்தப் பொம்மை என்ன விலை? வேணாம், சொல்லாதீக, நெஞ்சு வலிக்கும்.

தீவுப் பக்கம் பெரிசு பெரிசாக் கெடக்குன்னு எவனாச்சும் கூப்பிட்டா போயிறாதீக. இங்கிருந்து தூத்துக்குடி வரைக்கும் உள்ள 21 தீவும் 1986-ல இருந்து தேசியப் பூங்கா. அங்க உங்களைத்தான் பிடிப்பாக.

சரி, ஊருக்குப் போட்டோ அனுப்பணும்ல? என் கூடையைத் தொறங்க. ரெண்டு கிலோ பாரை, விடியக்காலம் வடகடல் வலையில பட்டது. கையில பிடிச்சுக்கிட்டு நிக்க நூறு ரூவா. திங்கணும்னா அது வேற விலை.